வண்ணம் ஈரமாகப் போய்ச் சேரட்டும்

மாடல் மேசை: வாசகர் கேள்வி–பதில்

விமான மாடலுக்குக் காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் தகராறு செய்கிறது என்று எழுதுகிற பலரும் பெயின்டின் பெயரை மட்டும் சொல்கிறார்கள். பெயின்டை நீர்க்கச் செய்யும் தின்னர் எவ்வளவு கலந்தீர்கள், என்ன காற்றழுத்தம் வைத்தீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முக்கால்வாசிக் கோளாறுகளுக்குக் காரணம் அந்த மூன்றில்தான் இருக்கும்.

கேள்வி: 1/48 அளவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் கட்டி, டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் அடித்தேன். இறக்கையின் நடுப்பகுதி நன்றாக வந்தது. இறக்கை உடலோடு சேரும் மூலையில் மட்டும் ஒரே சொரசொரப்பு. அழுத்தத்தை 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை கூட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது. பெயின்ட் சரியில்லையா?

பதில்: பெயின்ட் மேல் தப்பில்லை. அழுத்தத்தைக் கூட்டியதும் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. மூலைக்குள் வேகமாகப் போகும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது சுழன்று திரும்புகிறது. கூடவே போன பெயின்ட் துளிகளும் அந்தச் சுழலில் மாட்டி, காற்றிலேயே பாதி காய்ந்து, தூளாகப் படிகின்றன. சக்கரக் குழிக்குள்ளும் வால் இறக்கையின் அடியிலும் இதே கதைதான்.

அழுத்தத்தை 12 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். விசையை அழுத்திக் காற்று ஓடும்போது அளவுமானி காட்டுவதுதான் உண்மையான அழுத்தம். காற்று நிற்கும்போது காட்டுவது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பெயின்டைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்யுங்கள். டாமியா அக்ரிலிக்கோடு மிஸ்டர் லெவலிங் தின்னர் மிக நன்றாகச் சேரும். அதில் காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் இருப்பதால், துளிகள் ஈரமாகவே விழுந்து ஒன்றோடொன்று பரவிச் சமமாகும். (இதை வலேஹோ போன்ற, தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் கலந்துவிடாதீர்கள். கோப்பைக்குள்ளேயே திரிந்து கட்டியாகிவிடும்.) அப்புறம் வரிசை. மூலைகளை முதலில் மெல்லிய பூச்சாக முடித்துவிட்டு, அதன் பிறகு திறந்த பரப்புக்கு வாருங்கள். பெரிய பரப்பை அடித்த கையோடு மூலையைத் தொட்டால், அங்கே சுழலும் தூள் பக்கத்திலுள்ள நல்ல பூச்சின் மேலும் படியும்.

இப்போது கையில் இருக்கும் இறக்கையைக் காப்பாற்றலாம். ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேயுங்கள். பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் கோடுகள்) பக்கம் கை மெதுவாகப் போகட்டும். கழுவித் துடைத்துவிட்டு, சொன்னபடி மறுபடி அடியுங்கள்.

கேள்வி: 1/72 மெஸ்ஸர்ஷ்மிட் பிஎஃப் 109 ஜி-6 செய்கிறேன். உடலின் பக்கவாட்டில் திட்டுத் திட்டாக வரும் புள்ளிகளை அடித்தால், பெயின்ட் நாலாபுறமும் கால் முளைத்து ஓடுகிறது. கெட்டியாகக் கலந்தால் ஏர்பிரஷ் துப்புகிறது. இதை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: விட்டுவிடாதீர்கள். விமான மாடலில் எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான். ஆர்எல்எம் (அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகத்தின் வண்ண எண்) 76 வெளிர் நீலத்தின் மேல் 74, 75, 02 சாம்பல்கள் மென்மையாகக் கரைந்து நிற்கும்போதுதான் அந்த விமானத்துக்கு உயிர் வருகிறது.

முதலில் கணக்கு. 1/72-ல் நீங்கள் அடிக்கும் 4 மி.மீ. புள்ளி, நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட 29 செ.மீ. புள்ளியைச் சுற்றி 1 மி.மீ. மங்கல் விழுந்தால், நிஜத்தில் 7 செ.மீ. மங்கல். ஆக, புள்ளி சிறிதாக இருப்பது மட்டும் போதாது, விளிம்பும் இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்கு ஏர்பிரஷ் பரப்பிலிருந்து 1 முதல் 2 செ.மீ. தூரத்துக்குள் வர வேண்டும். அவ்வளவு அருகில் 15 பிஎஸ்ஐ வைத்தால், ஈரப் பெயின்டைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் பார்த்த கால்கள் அப்படி வந்தவைதான். அழுத்தத்தை 10 பிஎஸ்ஐ அக்கம்பக்கத்துக்கு இறக்குங்கள். அழுத்தம் குறைந்தால் கெட்டிப் பெயின்ட் நுண்ணிய துளிகளாகச் சரியாகச் சிதறாது. துப்பலுக்குக் காரணம் அது. எனவே வழக்கத்தைவிட நீர்க்கக் கலக்க வேண்டும். அருகே வா, அழுத்தத்தைக் குறை, நீர்க்கக் கலக்கு: மூன்றும் ஒன்றாகத்தான் போகும். ஒன்றை மட்டும் மாற்றினால் இன்னொரு கோளாறு முளைக்கும்.

மிச்சம் விரலில் இருக்கிறது. இரட்டை விசை ஏர்பிரஷில் முதலில் விசையை அழுத்திக் காற்றை மட்டும் விடுங்கள். பிறகு மயிரிழையளவு பின்னுக்கு இழுங்கள். முடிக்கும்போது விசையை முன்னே தள்ளிப் பெயின்டை நிறுத்திவிட்டு, கடைசியாகக் காற்றை நிறுத்துங்கள். காற்றையும் பெயின்டையும் சேர்த்தே நிறுத்தினால் முனையில் ஒரு சொட்டு தங்கும். அடுத்த புள்ளியில் அது தெறிக்கும். புள்ளியை ஒரே அடியில் முடிக்கப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பூச்சு, சில விநாடி இடைவெளி, மறுபடி ஒரு பூச்சு. நடுநடுவே, தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஊசி முனையைத் துடையுங்கள். அக்ரிலிக் அங்கேதான் காய்ந்து சேரும்.

வேண்டாத பழைய இறக்கையில் ஆர்எல்எம் 76 அடித்து வைத்துக்கொண்டு அதில் பழகுங்கள். வெள்ளைத் தாளில் பழகினால் தாள் பெயின்டை உறிஞ்சி உங்களை ஏமாற்றும். மாடலில் புள்ளி கொஞ்சம் அழுத்தமாக விழுந்துவிட்டாலும் பயமில்லை. ஆர்எல்எம் 76-ஐ மிக நீர்க்கக் கலந்து மேலே ஒரு மெல்லிய திரையாக அடித்தால் எல்லாம் ஒன்றாக இணங்கிவிடும்.

கேள்வி: விசையை அழுத்தினால் பெயின்ட் கோப்பைக்குள் குமிழி குமிழியாக வருகிறது. ஸ்ப்ரேயும் விட்டுவிட்டு வருகிறது. புது ஏர்பிரஷ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முன்பக்கம் போக வேண்டிய காற்று, பெயின்ட் போகும் பாதைக்குள் திரும்பி நுழைகிறது. கோப்பையைக் கழுவி, சுத்தமான தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். தண்ணீரிலும் குமிழி வந்தால் பெயின்டைத் தேடிப் பயனில்லை. பெயின்ட் வெளிவரும் நுனியான நாசிலின் மூடி தளர்ந்திருக்கிறதா, நாசில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் வாயில் காய்ந்த பெயின்ட் அடைத்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். திருகிப் பொருத்தும் நாசிலாக இருந்தால் மரையில் துளி தேன்மெழுகு தடவலாம், காற்றுக் கசிவு நிற்கும். கூடவே வந்த சிறு ஸ்பேனரால் மெதுவாக முடுக்குங்கள். குறடு வேண்டவே வேண்டாம். அந்தக் கழுத்து சட்டென்று முறிந்துவிடும். நாசிலில் கீறல் விழுந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஊசியைத் திரும்பச் செருகும்போது நாசிலில் தட்டும்வரைதான் தள்ள வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் நாசில் வாய் விரிந்துவிடும்.

கேள்வி: வேறு நிறம் படாமல் மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பைப் பிரித்தபோது அடியிலிருந்த நிறம் பிளாஸ்டிக் தெரிய உரிந்து வந்துவிட்டது.

பதில்: டேப்பைக் குறை சொல்லும் முன் அடிப்பரப்பைப் பாருங்கள். கிட் பாகங்களில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். விரல் எண்ணெய் வேறு. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, லாக்கர் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். அது பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் என்றால் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே டேப். ஒட்டும் முன் டேப்பைப் புறங்கையில் ஓரிரு முறை ஒட்டி எடுத்தால் பிசின் வேகம் குறையும். பிரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்து, பரப்பை ஒட்டினாற்போல் மெல்ல இழுங்கள்.

கேள்வி: பி-51 மஸ்டாங் முழுவதும் பளபள வெள்ளி நிறம் வேண்டும். பளபளப்புக் கருப்பு அடித்து அதன் மேல் உலோகப் பெயின்ட் அடித்தால் சரிதானே?

பதில்: உடலுக்குச் சரி. கருப்புப் பூச்சில் ஒரு தூசியோ கீறலோ இருந்தாலும் மேலே பல மடங்காகத் தெரியும், அதனால் அந்தப் பூச்சில் அவசரம் வேண்டாம். இறக்கையை மட்டும் வேறாகச் செய்யுங்கள். காற்று வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக மஸ்டாங் இறக்கையின் பேனல் இடுக்குகளைத் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து நிரப்பி, வெள்ளி நிற லாக்கர் அடித்தார்கள். ஆகவே இறக்கைக்குச் சாம்பல் பிரைமரின் மேல் சாதாரண அலுமினிய நிறமே பொருத்தம். இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது தெரிகிற வித்தியாசம் அவ்வளவு அழகு!

கேள்வி: நான் பள்ளி மாணவன். அக்ரிலிக்தானே அடிக்கிறேன், முகமூடி எதற்கு?

பதில்: தம்பி, எந்தப் பெயின்டாக இருந்தாலும் ஏர்பிரஷ் அதை மூச்சோடு உள்ளே போகிற அளவுக்கு நுண்ணிய துளியாக்கிவிடுகிறது. உன் அக்ரிலிக்கில் ஆல்கஹால் கலந்திருக்கலாம், தின்னரில் அதைவிடக் கடுமையான ஆவி இருக்கலாம். துணி முகமூடியும் காகித முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவியை வடிக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி கேட்டு வாங்கு. அது கைக்கு வரும்வரை தூரிகையால் அடி. ஜன்னலைத் திறந்து வை, காற்று உன்னிடமிருந்து வெளியே போகிற மாதிரி உட்கார். அடுப்பு, மெழுகுவர்த்தி எரிகிற அறையில் லாக்கரைத் திறக்கவே கூடாது. வீட்டில் பெரியவர்களிடம் இதைக் காட்டிவிட்டு, அப்புறம் கம்ப்ரஸரை ஓடவிடு.