லண்டன் ரெயினில் நம்முடைய வங்கி கார்டே போதுமா?

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் நானும் மனைவியும் 13 வயதுப் பேரனோடு ஈஸ்ட்ஹாமில் உள்ள மகளிடம் இரண்டு கிழமை போகிறோம். ரெயினுக்கு, முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கிற ஒய்ஸ்டர் என்ற பயணக் கார்ட் வாங்கச் சொல்கிறாள் மகள். வங்கி கார்டே போதும் என்கிறார் மருமகன். என் ஒரு கார்டில் மூவரும் போகலாமா?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: முடியாது ஐயா. நம்முடைய ஸ்டேசன் கவுண்டரில் ஒருவர் நின்று கொழும்புக்கு மூன்று டிக்கெட் எடுப்பது போல அங்கே நடக்காது, ஆளுக்கொரு கார்ட் வேண்டும். பஸ்ஸிலும் அப்படித்தான், 2014இலிருந்து அங்கே பஸ்ஸில் காசே வாங்குவதில்லை.

பெரியவர்களுக்கு மருமகன் சொல்வது சரி. அலை அடையாளம் போட்ட விசா, மாஸ்டர் கார்டை ஸ்டேசன் வாயிலிலும் பஸ்ஸிலும் உள்ள மஞ்சள் வட்டத்தில் தொட்டால் ஒய்ஸ்டருக்கு உள்ள அதே கட்டணம்தான், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வெட்டாது என்ற உச்சவரம்பும் உண்டு. ஆனால் காலையில் கார்ட், மாலையில் அதே கார்டை ஏற்றிய போன் என்று மாற்றித் தொட்டால் இரண்டும் வெவ்வேறு கணக்காகி வரம்பு எட்டாமலே போகும். அப்புறம், வெளிநாட்டுப் பாவனைக்கு உங்கள் வங்கி எத்தனை வீதம் எடுக்கிறது, கார்ட் அங்கே வேலை செய்யத் திறந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த வீதம் கூடுதலென்றால் கையிலுள்ள பவுண்ஸை ஒய்ஸ்டரில் போடுவதே லாபம்.

பேரன் விஷயத்தில் மகள் சொல்வதுதான் சரி. 11 முதல் 15 வயது வரையுள்ள வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 14 நாள் வரை அரைக் கட்டணம் உண்டு, ஆனால் அது ஒய்ஸ்டரில் மட்டும்தான், வங்கி கார்டில் கிடைக்காது. ஒய்ஸ்டர் ஒன்றை வாங்கி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், ஸ்டேசன் ஊழியரிடம் அந்தச் சலுகையைப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். தானாக விழாது. உங்களுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தாலும் முதியோர் சலுகை எதிர்பார்க்காதீர்கள், அது லண்டன்வாசிகளுக்கு.

கார்டுக்குக் கொடுக்கிற விலை திரும்பி வராது, உள்ளே மிஞ்சும் காசை மீட்கலாம். அந்தக் காசு காலாவதியாவதும் இல்லை, அதனால் லண்டனில் சொந்தக்காரர் வீட்டு லாச்சிகளில் எப்போதோ வந்தவர்கள் விட்டுப்போன ஒய்ஸ்டர் கிடக்கத்தான் செய்யும், புதிதாக வாங்கமுன் மகளை ஒருக்கால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். படம் ஒட்டிய கார்ட் என்றால் மட்டும் தொடாதீர்கள், அது அந்த ஆளுக்கு மட்டுமே உரியது, பிடிபட்டால் தண்டம்.

ரெயினில் இறங்கும்போதும் தொட மறக்கக் கூடாது. கதவு இல்லாத ஸ்டேசன்களில் இது சுலபமாக மறந்துபோகும், உடனே அதிகபட்சக் கட்டணத்தை வெட்டிவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும்.