போர்ச்சுகீசியர்களுக்கு 'ஹேவ்' ஏன் இடறுகிறது?

போர்ச்சுகீசியம் பேசுபவர்கள் ஆங்கிலம் கற்கும்போது 'ஐ ஹேவ் ஈட்டன்' போன்ற வடிவங்களில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அச்சு அசலாக அதே அமைப்பு அவர்கள் மொழியிலும் இருப்பதுதான் சிக்கலே. ஆனால் சொல்லுக்குச் சொல் 'ஐ ஹேவ் ஈட்டன்' ஆன 'தென்யு கொமீடு' என்றால் சமீப காலமாகத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டு வருகிறேன் என்று அர்த்தம். ஒருமுறை சாப்பிட்டு முடித்ததற்கு 'கொமி' என்ற சாதாரண இறந்தகாலமே போதும்.

அப்புறம், ஐந்து வருடமாக ஓர் ஊரில் இருப்பதை அவர்கள் நிகழ்காலத்தில்தான் சொல்வார்கள், நம்மைப் போலவே. 'ஐ லிவ் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்ற தவறு அப்படித்தான் வருகிறது. 'ஐ ஹேவ் லிவ்ட்' என்று பழக வேண்டும்.

'மஸ்ட் ஹேவ்' அவ்வளவு கஷ்டமில்லை. 'தேவி தேர் ஷெகாது' என்பது 'மஸ்ட் ஹேவ் அரைவ்ட்' என்பதோடு சொல்லுக்குச் சொல் பொருந்தும். வந்து சேர்ந்திருப்பார் என்ற ஊகம். பாடத்தை இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.