பழைய கேடியின் பதில்கள்

கேள்வி: ஐயா, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரையாக (உதவி மேலாளராக) இருக்கிறேன். கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு நுவரெலியா வந்து ஆடுகிறேன். 18 குழி முடித்து 100 அடிக்குக் கீழே வந்ததே இல்லை. 'டிரைவ் (முதல் நீள அடி) எல்லாம் படம் காட்டத்தான், பட்டிங் (குழிக்குள் தட்டுவது) தான் காசு' என்று கூட ஆடுபவர்கள் சொன்னதைக் கேட்டு, ஆறு மாதமாக பங்களா கம்பளத்தில் பட்டிங் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் மாறவில்லை. எதற்கு நேரம் கொடுப்பது, டிரைவுக்கா பட்டிங்குக்கா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தலவாக்கலை

பதில்: கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள், தம்பி.

அந்தப் பேச்சைத் தென்னாபிரிக்க வீரர் பாபி லாக்கின் பெயரில்தான் சொல்வார்கள். பிரிட்டிஷ் ஓப்பனை 1949, 1950, 1952, 1957 என்று நான்கு தடவை வென்றவர். அவர் சொன்னால் சரி. அவரோடு போட்டிக்கு நின்ற எல்லாருக்கும் டிரைவ் ஒழுங்காகப் போகும், மிச்சம் இருந்தது பட்டிங் மட்டும். தோட்டத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குப் புரியும்: எல்லாக் கூடையும் 18 கிலோ நிறுத்த பிறகுதானே கால் கிலோவுக்குச் சண்டை வரும்? உங்கள் கூடை இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

நான் கேடியாகப் பை தூக்கிய காலத்தில், ஆட்டம் முடிந்ததும் பழைய செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவு) தாளின் பின்பக்கத்தில் அடிகளைக் குறித்து வைப்பேன். யாரும் கேட்டதில்லை, ஒரு பழக்கம். ஒரு பெரியதுரைக்கு நான்தான் வழக்கமான கேடி. ஒரு ஞாயிறு அவர் 103 அடித்தார், அதில் பட் 38. அதே வாரம் கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்குத் தூக்கினேன். அவர் 73, பட் 31. இருவருக்கும் வித்தியாசம் 30 அடி. அதில் பட்டிங்கால் வந்தது 7. மிச்சம் 23 அடியும் பந்து கிரீனுக்கு (குழி இருக்கும் குட்டைப் புல் தரைக்கு) வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டது. துரை அன்று இரவே ஏதோ மாய மந்திரத்தால் பட்டிங்கில் உலகத்திலேயே சிறந்தவர் ஆகியிருந்தாலும் 90க்குக் கீழே வந்திருக்க மாட்டார்.

அந்த 23 எங்கே போனது? நுவரெலியா மைதானம் 1889இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. டவுனுக்கு நடுவில் இருக்கிறது, பாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் மரம், இடையில் ஓடை. துரை டீயில் (முதல் அடி அடிக்கும் மேடையில்) நின்று, டிரைவர் என்ற பெரிய மட்டையை எடுப்பார். பின்னால் ஆட்கள் நிற்பார்கள், ஆகவே முழு பலத்தோடு வீசுவார். பந்து முதல் நூறு யார் (கஜம்) தூரம் நேராகப் போய், பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல வலது பக்கம் திரும்பும். மரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அவர் என்னைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன். ஈரப் புல்லை விலக்கித் தேடுவோம். அப்போது ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு மூன்றுதான். கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டம் சேர்த்து, திரும்ப டீக்கு நடந்து மூன்றாவது அடியை அடிக்க வேண்டும். கூட ஆடுபவர் ஒரு அடியில் நிற்கும் இடத்துக்கு நீங்கள் மூன்று அடியில் வருகிறீர்கள். அன்று துரைக்கு இப்படி மூன்று பந்து, அதிலேயே ஆறு அடி. மரத்துக்குள் கிடைத்த பந்துகளைப் பக்கவாட்டில் வெளியே தட்டியதில் நாலு. டீயிலேயே பந்தின் தலையில் அடித்து முப்பது யார் உருண்டது இரண்டு. மீதி, இரும்பு மட்டையால் அடித்தவை கிரீனைத் தொடாமல் போனதும், கிரீனின் ஓரத்திலிருந்து முன்னும் பின்னும் தட்டியதும்.

செக்ரோல் தாளைக் காட்டினால் இந்தக் கேடிக்கு என்ன தெரியும் என்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி பெரிய அளவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து 100 யார் தூரத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் வருகிறது என்பது அவர் கணக்கு. தொழில்முறை ஆட்டக்காரர், நம்மைப் போன்றவர், எல்லாருக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆனால் ஒன்று. டிரைவ் முக்கியம் என்றதும் தூரம் அடிக்கப் பழகாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பந்து உள்ளேயே நிற்பது. ஒடுக்கமான குழிகளில் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, நம்பிக்கையான ஒரு இரும்பு மட்டையை எடுங்கள். 150 யார் போனாலும் போதும், அடுத்த அடிக்குப் பந்து கண்ணுக்குத் தெரியும். நான் இதைத் துரையிடம் ஒரு தடவை சொன்னேன். "நீ பையைத் தூக்கு" என்றார். சரி என்று தூக்கினேன்.

பட்டிங்கில் மூன்றடி தூரத்திலிருந்து தட்டுவதை விட, முப்பதடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுவதைப் பழகுங்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் வீரர்களே எட்டடி பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். நமக்கு மூன்று பட் ஆவது திசையால் அல்ல, வேகத்தால். கம்பளத்தில் வேகம் பழக முடியாது. அதோடு காலையில் கிரீனில் பனி நிற்கும்போது பந்து மந்தமாக ஓடும், பத்து மணிக்குக் காய்ந்ததும் அதே தட்டுக்கு நாலு அடி கூடுதலாகப் போய்விடும். சரிவும் நம் ஊரில் கண்ணை ஏமாற்றும். சுற்றிலும் மலை சாய்ந்து நிற்பதால் சாய்ந்த தரை மட்டமாகத் தெரியும். கிரீனுக்கு நடந்து வரும்போதே, தூரத்திலிருந்து, தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். பக்கத்தில் வந்து குனிந்து பார்ப்பது பெரும்பாலும் மற்றவர்களுக்காகச் செய்வது.

கேள்வி: திகன விக்டோரியா மைதானத்தில் என் பந்து நுவரெலியாவில் போகிற தூரம் போவதில்லை. மட்டையில் கோளாறா?
– வாசகர், கண்டி

பதில்: மட்டையில் கோளாறு இல்லை, காற்றில்தான். நுவரெலியா மைதானம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே. காற்று மெலிவு, பந்தைப் பிடித்து இழுப்பது குறைவு. திகன நீர்த்தேக்கக் கரை அதைவிட வெகு கீழே. 200 யார் அடிப்பவருக்குப் பத்து யார் அளவுக்கு வித்தியாசம் வரலாம். மெலிந்த காற்றில் பந்து வளைவதும் குறையும், ஆகவே உங்கள் கோணல் அடியைத் திகன இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் விடியற்காலைக் குளிரில் நுவரெலியாவில் பந்தும் விறைக்கும், உடம்பும் விறைக்கும், அந்தப் பத்து யாரில் கொஞ்சம் திரும்பப் போய்விடும்.

கேள்வி: பட் செய்யும்போது கொடிக்கம்பை எடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: 2019இலிருந்து வேண்டியதில்லை. கம்பில் பட்டுப் பந்து விழுந்தாலும் தண்டம் கிடையாது.

கேள்வி: பெரியவர் நீங்கள், 'கேடி' என்று போட்டுக்கொள்கிறீர்களே, நன்றாகவா இருக்கிறது?
– வாசகி, ராகலை

பதில்: கோல்ஃபில் பை தூக்குபவருக்கு அதுதான் பெயர், தங்கச்சி. தமிழில் அது போக்கிரிக்கும் பெயராக இருப்பதற்கு நான் என்ன செய்ய? பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். எங்கள் அம்மா பெருமையாக, "டவுனில் கேடி" என்றார். அப்புறம் தேத்தண்ணி வர அரை மணி நேரம் ஆனது.