வெடித்த பிறகு சுரங்கத்தில் ஆரஞ்சுப் புகை எழுவது ஏன்? ஆபத்தா?

அது நைட்ரஜன் டை ஆக்சைடு. ஆபத்துதான். திறந்தவெளிச் சுரங்கங்களில் அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்தே அதிகம். டீசல் குறைந்தால் இந்த வாயு கூடும். டீசல் மிகுந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். கலவை சரியாக இருந்தும் புகை வந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்: வெடிமருந்து நிரப்பும் துளை ஈரமாக இருந்தால் நைட்ரேட் கரைந்து வெடிப்பு அரைகுறையாகிவிடும். அங்கே நீர் தாங்கும் எமல்ஷன் (குழம்பு போன்ற வெடிமருந்து)தான் சரி. நிரப்பிவிட்டு நாள்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு.

நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். 13 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 13 பங்கு) அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ். சுவாசித்தவர் ‘ஒன்றுமில்லை’ என்பார்; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் கண்காணிப்பில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கலைந்தாலும் வாயுமானி பார்க்காமல் இறங்கக் கூடாது.