வாசகர் கேள்வி: வரைவதற்குள் குருவி பறந்துவிடுகிறதே?

கேள்வி: எங்கள் வீட்டு முருங்கை மரத்துக்கு வரும் பாடும் பறவைகளை வரைந்து, இயற்கை நாட்குறிப்பு ஒன்று எழுதிவர ஆசைப்படுகிறேன். ஆனால் அலகை வரைந்து முடிப்பதற்குள் பறவை பறந்துவிடுகிறது. கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்து வரைந்தாலோ பொம்மை போல இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: பறவை பறந்துபோவதைத் தடுக்க முடியாது, அலகிலிருந்து தொடங்கும் பழக்கத்தை மாற்றலாம். பறவை எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். அதன்மேல் உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம், வாலுக்கு ஒரு கோடு. பத்து நொடியில் முடிந்துவிடும் இந்த வேலையில்தான் பறவையின் உயிர் இருக்கிறது. கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தவை பொம்மையாகத் தெரிவதற்கு, இந்தச் சாய்வைக் கவனிக்காமல் இறகுகளை எண்ணத் தொடங்கிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

முதல் மாதம் முழுவதும் ஒரே பறவையை வரையுங்கள். கொண்டைக்குருவி என்றும் சின்னான் என்றும் சொல்கிறோமே, அதையே நான் பரிந்துரைப்பேன். தோட்டங்களுக்குத் தவறாமல் வரும், மனிதருக்கு அதிகம் அஞ்சாது. கறுத்த தலை, குட்டைக் கொண்டை, உடலில் செதில் போன்ற வரிகள், வாலடியில் சிவப்பு, வால் நுனியில் வெள்ளை. அது பறந்து விலகும்போது வாலுக்கு மேலே பளிச்சென்று தெரியும் வெள்ளைத் திட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. பறவை போய்விட்டதே என்று பென்சிலைக் கீழே வைக்கும் அந்த நொடியில்தான் அது தெரிகிறது!

கால்களை வரையும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பின்பக்கமாக மடங்கும் முழங்கால் போல நமக்குத் தெரிவது உண்மையில் கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. பாதங்கள் உடலின் எடையைத் தாங்கும் இடத்தில் அமையாவிட்டால், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பறவை கிளையிலிருந்து விழப்போவது போலவே தோன்றும்.

வரைய முடியாமல் போனதை எழுதிவையுங்கள். தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்த மரம், என்ன தின்றது, எந்தப் பறவையைத் துரத்தியது என்று பக்கத்திலேயே நான்கு வரிகள் போதும். பாட்டையும் கோடாகப் போடலாம்: குரல் உயரும்போது கோடு ஏறட்டும், தாழும்போது இறங்கட்டும். பாதியில் நின்ற படத்தை, பிறகு கைப்பேசியைப் பார்த்து நிரப்பாதீர்கள். நீங்கள் கண்டதற்கு அந்த அரைப் படமே சாட்சி. ஐயம் தீர்க்கப் புகைப்படம் உதவும், ஆனால் அதைப் பார்த்து வரைவதற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

ஓராண்டு எழுதினால் கிடைக்கும் பலன் பெரிது. இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னும் ஆண் ஊதாத் தேன்சிட்டு, அது முடிந்ததும் பெண்ணைப் போல நிறம் மாறி, மார்பின் நடுவில் ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. இரண்டும் வேறு வேறு குருவிகள் என்று நினைப்பவருக்கு, அவருடைய பழைய பக்கங்களே விடை சொல்லும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையாளருமான மா. கிருஷ்ணன், கல்கத்தா நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை, தாமே வரைந்த படங்களுடன் பத்தி எழுதிவந்தார். கவனிப்பதும் வரைவதும் எழுதுவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன.

கருவிகளுக்காகச் செலவு செய்ய வேண்டாம். கோடு போடாத சிறு நோட்டும் 2பி பென்சிலும் போதும்; அழிப்பானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வராந்தாவில் தொங்கும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. என் பத்து வயது மகன் அருகில் நின்று வரையலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அருகில் வேண்டாம், சன்னலுக்கு உள்ளிருந்து வரையட்டும். அலகில் இரையுடன் வந்த பறவை கூட்டுக்குள் போகத் தயங்கி, பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்திருந்தால், அவன் இன்னும் பின்னால் நகர வேண்டும் என்று பொருள்.