மழை இல்லை, காற்று இருக்கிறது: இந்த வாரக் கடல் கேள்விகள்

இந்த வாரம் மழை உண்டா? – மண்டபம்
சொல்லும்படி இல்லை. தென்மேற்குப் பருவமழையைக் கேரளப் பக்கமே மலை வாங்கிக்கொள்கிறது. ஓரிரு மாலையில் இடி மேகம் திரளலாம், அவ்வளவுதான். நம் மழை அக்டோபருக்கு மேல்.

கடல் எப்படி இருக்கும்? – ஊர் எழுதவில்லை
எந்தக் கடல் ஐயா? தென்கடலா (மன்னார் வளைகுடா), வடகடலா (பாக் விரிகுடா)? ஊரை எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கிற அதே நாளில் வடகடல் கரையோரம் குளம்போல் கிடக்கும். வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றுக் காலத்தில், தலைகீழ்.

தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகலாமா? – சின்னப்பாலம்
வியாழன் வரை வேண்டாம் அம்மா. அப்புறம் விடியலில் போய்ப் பத்து மணிக்குள் கரையேறிவிடுங்கள்.

வானம் வெளுத்துக் கிடக்கிறது. எதற்கு எச்சரிக்கை? மீன்பிடித் தடை முடிந்து இப்போதுதான் தொழிலுக்கு இறங்குகிறோம். – பாம்பன்
61 நாள் படகைக் கட்டிப்போட்டவரின் அவசரம் புரிகிறது. ஆனால் மழை இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்ற நினைப்புதான் எனக்குப் பெரிய வருத்தம். மலையில் மழையை இறக்கிவிட்டு வருகிற காற்று இது. ஈரம்தான் குறையும், வேகம் குறையாது. போன வாரம் உங்கள் பாம்பன் குந்துகால் கரையில் நின்றேன். சுள்ளென்ற வெயில், மேகமே இல்லை. தோளில் துண்டு நிற்கவில்லை. கட்டிக்கிடந்த நாட்டுப்படகின் நங்கூரக் கயிறு விண்ணென்று இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது.

வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் ‘மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55’ என்று வரும். எல்லோரும் முதல் எண்ணைப் படித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். படகைப் புரட்டுவது கடைசி எண். 40-இல் இருக்கும் காற்றின் தள்ளு 55-இல் ஏறக்குறைய இரட்டிப்பு. வியாழன் வரை தென்கடலில் அந்த 55 உண்டு. போகாதீர்கள்.

காற்றே இல்லாத நாளில் அலை ஏறுகிறதே? – ஏர்வாடி
கள்ளக்கடல். ஆயிரக்கணக்கான கி.மீ. தெற்கே எழும்பி உருண்டு வருவது. கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் (INCOIS) மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அறிவிப்பு வந்தால் படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

கருவாடு காயப் போடலாமா? – கீழக்கரை
தாராளமாக. வலையால் மூடுங்கள், மணல் ஏறும்.

சனிக்கிழமை பிள்ளைகளோடு தனுஷ்கோடி வருகிறோம். – மதுரை
வாருங்கள். அரிச்சல்முனையில் தென்கடல் பக்கம் கணுக்கால் தண்ணீரில்கூடப் பிள்ளைகளை விடாதீர்கள். கிளம்பும் முன் அன்றைய அறிக்கையைப் பாருங்கள், அதிலும் கடைசி எண்ணை.