பெரும்பாலும் ஐரோப்பாவில் வாழும், இந்திய வேர் கொண்ட ரோமா மக்களுக்காக நிகழ்ச்சி நடத்த எந்த நாள்: ஏப்ரல் 8-ஆ, ஆகஸ்ட் 2-ஆ?

இரண்டும்தான். ஆனால் ஒன்று கொண்டாட்டம், மற்றது துக்கம்; கலந்துவிடாதீர்கள்.

1971-இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாட்டை நினைவுகூர்வது ஏப்ரல் 8. கொடி ஏற்றுவார்கள், ஆற்றில் பூ விடுவார்கள். கொடியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் சிவப்புச் சக்கரம், ஆரக்கால்கள் 16. அசோகச் சக்கரத்தையே சிவப்பாக்கி ஒட்டினால் 24 ஆகிவிடும்.

ஆகஸ்ட் 2 வேறு. 1944-இல் அன்றிரவு ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் வதைமுகாமில் எஞ்சியிருந்த சுமார் 4,300 ரோமா, சின்டி (ஜெர்மனியில் நெடுங்காலமாக வாழும் ரோமா பிரிவினர்) மக்களை நாஜிகள் நச்சுவாயுவால் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியோர். ரோமா மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டதே 1982-இல்தான். பெர்லின் நினைவிடம் திறக்க 2012 ஆயிற்று. ரைக்ஸ்டாக் எனும் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே கரிய வட்டக் குளம், நடுவில் முக்கோணக் கல். கைதிகளின் உடையில் தைத்த முக்கோணத்தின் நினைவாக. அந்தக் கல் தினமும் நீருக்குள் இறங்கி, புதுப் பூவோடு மேலே வரும்.

அழைப்பிதழில் 'ஜிப்ஸி' வேண்டாம், பலருக்கு அது வசை. ஜெர்மனியைப் பற்றிய நிகழ்ச்சி என்றால் 'சின்டி, ரோமா' என இரண்டையும் போடுங்கள். சிந்து மாகாணத்துச் சிந்திகள் வேறு!